படிவத்தில் இல்லாத வரி

ஏப்ரல் இரண்டாம் வாரம்.
ஏரி இன்னும் உறைந்தே கிடக்கிறது,
கரையோரம் மட்டும் கறுத்திருக்கிறது.
சமையலறை மேசைமேல்
ராய்ஸின் பழைய பூட்ஸ் பெட்டி.
அதற்குள் என் பள்ளிக்கூடம் முழுவதும்
ரசீதுகளாக.

மின்னசோட்டா மாநிலம் கேட்கிறது:
போன வருடம் பிள்ளைகள் படிப்புக்கு
என்ன செலவழித்தாய்?
நூற்றுக்கு எழுபத்தைந்து திருப்பித் தருகிறேன்,
உன் வருமானம் குறைவு என்றால்.

குறைவுதான்.
இரும்புச் சுரங்கம் ராய்ஸை வீட்டுக்கு அனுப்பிப்
பதினான்கு மாதமாகிறது.
அதில் எங்களுக்கு வாய்த்த ஒரே தகுதி இது.

பென்சில், வரும்.
அடிக்கோல், வரும்.
அல்ஜீப்ரா புத்தகம், மூன்று கை மாறியது,
அட்டையிலிருக்கும் பெண்ணுக்கு யாரோ மீசை வரைந்திருந்தாலும்
வரும்.
ஞாயிற்றுக்கிழமை வேதபாடப் புத்தகம் வராது.
கடவுளுக்கு இந்த அரசாங்கத்தில் தள்ளுபடி இல்லை.
டுலூத் போய்க் கப்பல் பார்த்துவந்த பெட்ரோல்
வராது.
வழியில் சிக்னி வாந்தியெடுத்த கம்பளிக் கையுறை
கேட்கவே வேண்டாம்.

வெப்பமானி, பதினொரு டாலர்.
மீனுக்குத் துளைத்த பனிக்குழியில்
நூல் கட்டி இறக்கினாள்.
நூல் மட்டும் திரும்பி வந்தது.
ஆற்றில் போட்டாலும் அளந்து போடு, சரி,
அளக்கிற கருவியையே ஏரியில் போட்டால்?
ரசீது இருக்கிறது. எழுதிக்கொண்டேன்.

பிறகு அந்தப் பகுதி:
பயிற்றுநருக்குக் கொடுத்த கட்டணம்.
கீழே பொடி எழுத்தில்,
பயிற்றுநர் பிள்ளையின் பெற்றோராக இருக்கக் கூடாது.

வெஸ்லிக்குச் செல்லோ சொல்லித்தரும் மிஸ்டர் அல்ம்க்விஸ்ட் வருவார்,
அரை மணிக்கு இருபத்திரண்டு டாலர்,
அதில் பத்து நிமிடம் தன் முழங்கால் வலியைப் பற்றிப் பேசினாலும்.
நான் வரமாட்டேன்.
பின்னங்களுக்காக அழுத நவம்பர்,
இறந்து பிறந்த ஆட்டுக்குட்டியைக் கொட்டகையில் கிடத்தி
இது நுரையீரல், இது மூச்சே விடவில்லை என்று
காட்டிய காலை,
எதற்கும் வரி இல்லை.
வரி என்றால் இரண்டு அர்த்தத்திலும்.

நாத்தனார் டார்லா ஒரு வழி சொன்னாள்.
அவளும் வீட்டிலேயே படிப்பிக்கிறாள்,
அவளும் பட்டதாரி.
"உன் பிள்ளைகளை நான் எடுக்கிறேன், என்னுடையதை நீ எடு.
நீ எனக்கு நாற்பது, நான் உனக்கு நாற்பது.
ரெண்டு பேருக்கும் ரசீது!"
சிரித்தோம். ஒரு செவ்வாய்க்கிழமை செய்தும் பார்த்தோம்.
அவள் மகன் என் மேசையில்
மதியம்வரை ஒரு வார்த்தை பேசவில்லை.
என்னுடையவர்கள் அங்கே
இரண்டு மடங்கு வேலை முடித்துவிட்டு வந்தார்கள்,
அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.
மேலும் அந்த நாற்பதுக்கு
நான் வருமான வரி கட்ட வேண்டுமாம்.

இன்றிரவு கூட்டி முடித்து
பேனாவை மூடும்போது சிக்னி வந்தாள்,
கையில் ஒரு கிண்ணம் சீரியல், வயது பன்னிரண்டு.
தாளைத் தலைகீழாகவே படித்தாள்.
"அம்மா, செல்லோ வாடகை
ரெண்டு தடவை இருக்கு."
எங்கே?
"குளிர்காலத்து மூணு மாசம். எண்பத்து நாலு.
எழுபத்தைந்து சதவீதம்னா,"
ஒரு கரண்டி மென்றாள்,
"அறுபத்து மூணு அதிகமாக் கேட்கிறோம்."

பெட்டியைத் துழாவினேன். ஒரே ரசீதுதான்,
கடைக்காரர் தந்ததும், அதன் நகலும்.
யார் கவனிக்கப் போகிறார்கள் என்று
ஒரு நொடி நினைத்தேன்.
அவள் கவனித்துக்கொண்டிருந்தாள்.

அடித்து எழுதினேன்.
சதவீதம் நான் சொல்லிக்கொடுத்ததுதான்,
மார்ச்சில், இதே மேசையில்,
மாவு அளக்கும் கோப்பையை வைத்து.
அதற்கு இந்த வருடம் எனக்குக் கிடைத்தது
அறுபத்து மூன்று டாலர்,
கழித்தல் குறியோடு.

கிண்ணத்தைக் கழுவாமல்
போய்ப் படுத்துவிட்டாள்.